சித்திரைக்கு முன்னால் போட்ட ஊசி

நான் போட்ட சத்தத்தையெல்லாம் கதவுக்கு வெளியே நின்று கேட்ட என் அம்மாவுக்கு,

மூன்று நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. காபி குடித்தாலும் தெளியவில்லை. ஆனாலும் இதை உனக்கு இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஊருக்குப் போனால் வெந்நீர், பத்தியச் சோறு, குழந்தை பார்க்க வருகிறவர்கள் என்று உட்கார நேரம் இருக்காது.

ஆமாம், நம் கோமதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஆனால் அதற்குள் நான் உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன்.

டாக்டர் சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் அவளுக்கு வலி வரவில்லை. முந்தாநாள் காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "குழந்தையச் சுத்தித் தண்ணி கொறஞ்சிருக்குதுங்க. இதுக்கு மேல காத்திருக்க வேண்டாம். வலி வர்றதுக்கு மருந்து குடுத்துரலாம்" என்றார். உன் சின்ன மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஊசி வேண்டாங்க" என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை கெஞ்சினார், அவருடைய அம்மா அதட்டினார். "எங்கக்கா பட்டது போதுமுங்க. எனக்குத் தானா வரட்டும்" என்ற ஒரே பேச்சுதான்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்?

ஏழு வருஷமாக, யார் பிரசவப் பேச்சை எடுத்தாலும் என் கதையை நான் சொல்லாமல் விட்டதில்லை. முதலில் மருந்து வைத்தது, ஒன்றும் ஆகாமல் மறுநாளும் வைத்தது, டிரிப்ஸில் ஏற்றியதும் மூச்சு விட இடைவெளி இல்லாமல் வலி வந்தது. நர்ஸ் வந்து வந்து சொட்டைக் கூட்டிவிட்டுப் போவார். எதற்கு என்று ஒருவரும் சொன்னதில்லை. கடைசியில் குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எல்லாம் அந்த ஊசியால வந்தது" என்று முடிப்பேன். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த ஊசியைக் கேட்டது யார் என்பதை மட்டும் சொன்னதில்லை.

உனக்கு மறந்திருக்காது. பங்குனி முடிய மூன்று நாள் இருந்தது. எனக்கு வலியும் இல்லை, ஒரு குறையும் இல்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் கிடந்தது. நீ காலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், மல்லசமுத்திரத்திலிருந்து கார் பிடித்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். "சித்திரையில பொறந்தா ஊட்டுக்கு ஆகாதுங்க டாக்டரம்மா. ஒரு ஊசியப் போட்டு உட்ருங்க" என்றாய். அந்த டாக்டர் முதலில் முடியாது என்றார். நீ விடவில்லை. அவர் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது. நானும் தலையாட்டியிருக்கக் கூடாது. மாமியார் வீட்டில் என்னை ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்றுதான் நீ பயந்தாய் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது.

அத்தனையும் பட்டு, யாழினி சித்திரை முதல் நாள்தான் பிறந்தாள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடுப்புதான் போனது.

அந்த இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னாய்: "தங்கச்சிகிட்டச் சொல்லீராத சாமி. அவ என்ற மூஞ்சியிலயே முழிக்க மாட்டா." சரி என்றேன். நீ போய் இரண்டு வருஷம் ஆன பிறகும் சொல்லவில்லை. உன் பேரைக் காப்பாற்ற ஊசியைத் திட்டித் திட்டியே, இவளை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது.

வேறு வழி தெரியவில்லை அம்மா. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன். "எனக்கு அது தேவையே இல்ல கோமதி. சித்திரைக்கு முன்னால வேணும்னு அம்மாதான் கேட்டுச்சு. உனக்குக் குழந்தைக்காகக் கேக்கறாங்க. ரெண்டும் ஒண்ணில்ல."

"அம்மாவா கேட்டுச்சு?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உன்னை இரண்டாம் முறை பறிகொடுத்தது போல இருந்தது. அப்புறம் திரும்பாமலே பேசினாள்: "சரி, போடச் சொல்லு. எதப் பண்ணுனாலும் என்கிட்டச் சொல்லீட்டுத்தான் பண்ணோணும். நீ கூடவே இருக்கோணும்."

இந்த ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவரை உள்ளே இருக்க விடுகிறார்கள். நர்ஸ் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தார். "இப்ப மருந்து வெக்கறேனுங்க, ஆறு மணி நேரம் பொறுத்துப் பாப்போம்" என்று சொல்வதற்கு என்ன குறைந்துவிடுகிறது? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? அவளுக்கு வலிக்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே வலித்தது. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த இடம் இன்னும் எரிகிறது.

வலி ஏறும்போதெல்லாம் "அம்மா, அம்மா" என்றே கத்தினாள். உன்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் உன்னைத்தான் கூப்பிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நானும் அப்படித்தானே கத்தினேன்? கதவுக்கு வெளியே நின்ற உனக்கு அது என்னவென்று கேட்டது? என்னை இப்படிச் செய்துவிட்டாயே என்று கேட்டதா? அதைச் சுமந்துகொண்டா ஐந்து வருஷம் எனக்கு எண்ணெய் தேய்த்தாய்? ஒருமுறை கேட்டிருக்கலாமே அம்மா. நான் உன்னை வையவில்லை. வா என்று கூப்பிட்டேன்.

கோமதி இன்னும் உன்னைப் பற்றிப் பேசவில்லை. பேசுவாள், கொஞ்சம் பொறு. இனி இந்தக் கதையை நான் ஊசியோடு நிறுத்தமாட்டேன். நீ எண்ணெய் தேய்த்ததையும் சேர்த்து முழுசாகச் சொல்வேன். யாழினிக்கு ஒருநாள் வலி வரும்போது காலண்டரைத் தொடமாட்டேன். கதவுக்கு வெளியே நிற்கவும் மாட்டேன். அவள் அம்மா என்று கூப்பிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பேன்.

அன்று உள்ளேயிருந்து உன்னைக் கூப்பிட்ட,
உன் மூத்த மகள்