படித்து முடிப்பதற்குள்

ஜூன் 12

அன்புள்ள குட்டிக்கு,
நலம்தானே? மருத்துவச் சொற்கள் மண்டையில் ஏறட்டும் என்று என் நர்சிங் மாணவர்களுக்கு நான் செய்த ஆன்லைன் குவிஸ் விளையாட்டை நீ நர்சிங் படிக்கும் பல்கலைக்கழகமும் எடுத்துக்கொண்டதாம். திரையில் கேள்வி, நான்கு விடைகள், சட்டென்று கைபேசியில் தொட வேண்டும். வேகத்துக்கும் மதிப்பெண். என் வகுப்பில் தூங்குமூஞ்சிகள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். என் தங்கை என்று யாரிடமும் சொல்லாதே, விடை கேட்டே உயிரை எடுப்பார்கள்.
அன்புடன்,
அண்ணன்

ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,
போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் திரையில் என் பெயர்தான் கடைசி. சொற்கள் தெரியும் அண்ணா. எழுத்துதான் எனக்குச் சிறு வயதிலிருந்தே மெதுவாகப் பிடிபடும். மூன்றாவது விடையைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. "உன்னால எங்க டீமே தோக்குது, இன்னைக்கு வெளிய இரேன்" என்றாள் என் குழுவில் பக்கத்தில் இருப்பவள். போய் வராந்தாவில் நின்றேன். அந்த நேரக் கணக்கை எடுத்துவிட முடியாதா?
குட்டி

ஜூலை 20

அன்புள்ள குட்டிக்கு,
என் வகுப்பில் எடுத்துவிட்டேன். உன் துறைத் தலைவரையும் நேரில் பார்த்தேன். "இந்த வேகக் கணக்க மார்க் விதியில சேர்த்தாச்சு சார். ஒருத்திக்காக மாத்த முடியாது" என்றார். பிறகு, வேகம் இருந்தால்தான் சொல் மனதில் நிற்கும் என்று நான் எழுதிய கட்டுரையை எடுத்து என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கொள். தினமும் பயிற்சி செய்.
அண்ணன்

ஆகஸ்ட் 9

அண்ணா,
பயிற்சி செய்தேன். விரல் வேகமானது, கண் ஆகவில்லை. போன வாரம் ஒன்றையும் படிக்காமல் கண்டபடி தொட்டேன். நடுவரிசைக்கு வந்துவிட்டேன். "நல்ல முன்னேற்றம்" என்று மேடம் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். மருந்துச் சீட்டையும் இப்படிப் பார்க்கப் பழகிவிடுவேனோ என்று பயந்துவிட்டேன். படிப்பை விட்டுவிட்டேன். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. உன்மேல் கோபமில்லை. கொஞ்ச நாள் பேச வேண்டாம்.
குட்டி

ஆகஸ்ட் 21

குட்டி,
அப்பாவிடம் சொன்னேன். "அவளை எங்கடா போகச் சொன்னே?" என்று மட்டும் கேட்டார். உன் போன் அணைந்தே கிடக்கிறது. நீ அறையைக் காலி செய்துவிட்டதாக விடுதியில் சொன்னார்கள். வேறு முகவரி தெரியாததால் அங்கேயே அனுப்புகிறேன். உன் அறைத்தோழி பார்த்தால் உன்னிடம் சேர்ப்பாள். பதில்கூட வேண்டாம், எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி போதும்.
அண்ணன்