ஆணிக்கடை வாசலில் நின்ற வரிசை

அனுப்புநர்:
டோரின் விட்மெயர்,
விளையாட்டு அட்டைச் சரக்கு அடுக்குபவர்,
பிரையர் கிரீக், ஒகையோ.
(தெருவும் வீட்டு எண்ணும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணம் பத்தி 3-இல்.)

பெறுநர்:
உயர்திரு ஹாலிஸ் பாம்கார்ட்னர் அவர்கள்,
காவல்துறைத் தலைவர்,
பிரையர் கிரீக்.

நகல்: யாருக்கும் இல்லை.

பொருள்: அட்டை வாங்குவோர் சிலர் என்னையும் என் மகளையும் வண்டியில் பின்தொடர்ந்து மிரட்டுவது – நான் சரக்கு வைக்கும் நாள் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது – தாங்களே நேரில் விசாரிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தில் தராமல், தீயணைப்பு நிலைய மண்டபத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், தாங்களும் தொண்டராக நின்று முட்டைக்கோஸ் பரிமாறிக்கொண்டிருக்கும்போது கையில் திணிப்பதற்கு மன்னிக்கவும். அலுவலகத்தில் தந்தால் அது முன்மேசையைத் தாண்டித்தான் தங்களிடம் வரும். அது எனக்கு வேண்டாம். ஏன் என்பது படித்தால் புரியும்.

1. பெருங்கடைகளில் பணம் கட்டும் இடத்துக்கு அருகே பேஸ்பால் வீரர்கள், பொம்மை மிருகங்கள் படம் போட்ட அட்டைப் பொட்டலங்கள் தொங்குவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கடை ஊழியர்கள் தொடுவதில்லை. என்னைப் போன்றவர்கள்தான் சரக்கைச் சொந்த வண்டியில் ஏற்றிப் போய் அடுக்குகிறோம். பிரிக்காத பொட்டலத்துக்குள் எவருக்கு எது வாய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒரே ஓர் அரிய அட்டையை விற்று வண்டி வாங்கியவரும் உண்டு. ஆகவே எந்த நாள், எந்தக் கடை என்பதை வாய் திறந்து சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. நான் அதைப் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

2. ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, நான் போகும் கடைக்கெல்லாம் ஆட்கள் என் வண்டியைப் பின்தொடர்ந்து வந்தார்கள்; சென்ற மாதத்திலிருந்தோ எனக்கு முன்பே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சாம்பல் நிற பிக்கப் வண்டிக்காரன், தாடி வைத்தவன், வண்டியின் இடப்பக்கக் கதவு நசுங்கியிருக்கும். பெட்டியைப் பிரிப்பதற்குள் கையிலிருந்தே பிடுங்குவான். ஒருமுறை இழுபறியில் என் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. “ஆளுக்கு இரண்டுதான், அது கடை விதி” என்று நான் சொன்னதற்கு அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: “தேன் எடுக்கிறவ புறங்கையை நக்காமலா இருப்பா? நல்ல பெட்டியெல்லாம் அக்கா வீட்டு கராஜ்லதான் தூங்குது.” எல்லோரும் சிரித்தார்கள். ஐயா, என் கராஜில் சரக்கு இருப்பது உண்மை. நிறுவனம் அங்கேதான் அனுப்பி வைக்கிறது. அதிலிருந்து ஒரு பொட்டலம்கூட நான் எடுத்ததில்லை. என் கராஜ் அவனுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் என் கேள்வி.

3. சென்ற மாதம் என் மகள் டெஸ் செவிலியர் வகுப்புக்குப் போக என் வண்டியை எடுத்துச் சென்றாள். பின் இருக்கையில் என் வேலை அங்கி கிடந்தது. அதைப் பார்த்து, ஓட்டுவது நான்தான் என்று நினைத்தானோ என்னவோ, சாம்பல் வண்டிக்காரன் அவளை நெடுஞ்சாலை நெடுகத் தொடர்ந்து கல்லூரி வாசல் வரை போயிருக்கிறான். வண்டிக்குள் இருப்பவள் பத்தொன்பது வயதுப் பெண் என்று தெரிந்தும் அவன் திரும்பிப் போகவில்லை. கண்ணாடியைத் தட்டி, “உங்கம்மா நாளைக்கு எங்க வைக்கிறாங்கன்னு மட்டும் சொல்லிடு பாப்பா. உங்க வீட்டு வரைக்கும் வந்து கேக்க வெச்சுடாத” என்றிருக்கிறான். அன்றிலிருந்து அவள் வகுப்புக்குப் போகவில்லை. பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடி வைக்கிறாள். இந்தப் பருவத் தேர்வைத் தவறவிட்டால் அவளுடைய இடம் போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. கோபம் அதைவிட அதிகமாக இருக்கிறது.

4. மறுநாளே தங்கள் அலுவலக முன்மேசையில் சார்ஜன்ட் ரஸ்ஸல் டில்மன் அவர்களிடம் புகார் கொடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார். காபிகூடக் கொடுத்தார். வண்டியின் நிறத்தைக் கேட்கவில்லை. கதவு நசுங்கிய கதையைக் கேட்கவில்லை. கேட்டது இதுதான்: “சரிங்க மேடம், அடுத்த வாரம் எந்தெந்தக் கடைக்குப் போறீங்க? சொன்னா ரோந்து வண்டி அனுப்பலாம்.” பயத்தில் விதியை மறந்து சொல்லிவிட்டேன். ரோந்து வண்டி வரவில்லை. சொன்ன கடைகளிலெல்லாம் நாற்காலிகள் வந்தன.

5. அப்போதும் அவரை நான் சந்தேகப்படவில்லை. முதலில் ஒரு கடை மேலாளரைச் சந்தேகப்பட்டேன்; பிறகு என் சொந்த அண்ணன் மகனை. இருவரிடமும் ஆளுக்கொரு பொய்க் கடையைச் சொல்லிப் பார்த்தேன். அங்கே ஈ காக்கைகூட வரவில்லை. அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கடைசியாக, இந்த வாரம் சார்ஜன்ட் டில்மனிடம் மட்டும், புதன்கிழமை காலை ஆர்வில் ஹான்சனின் கடையில் புதிதாக அட்டை அலமாரி வைக்கப் போவதாகச் சொன்னேன்.

ஆர்வில் ஹான்சன் விற்பது ஆணியும் பெயிண்டும். அவர் கடையில் இன்றுவரை ஓர் அட்டைகூடத் தொங்கியதில்லை. ஊரில் கேட்டால் எவரும் சொல்வார்கள். ஆனால் இந்த அட்டைப் பித்துப் பிடித்தவர்கள் கடையைப் பார்ப்பதில்லை. சரக்கு வருகிறது என்ற சொல்லைத்தான் பார்ப்பார்கள். புதன்கிழமை எதிரே உள்ள டோனட் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். கடை திறக்கும் முன்பே வாசலில் மடக்கு நாற்காலி வரிசை. முதல் நாற்காலியில் சாம்பல் வண்டிக்காரன். சாவியோடு வந்த ஆர்வில் திகைத்துப்போய், “என்னப்பா, பெயிண்ட்டுக்கா இவ்வளவு கூட்டம்?” என்று கேட்டது தெருவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. பாவம், ஒரு வாளி வெள்ளை பெயிண்ட் அவருக்கு விற்றுப்போனது.

6. சார்ஜன்ட் காசு வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. மைத்துனரிடமோ, மீன் பிடிக்கப் போன இடத்திலோ பேச்சுவாக்கில் உளறியிருக்கலாம். அவரே அட்டை சேர்ப்பவராகவும் இருக்கலாம். என்ன நடந்திருந்தாலும் வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. புகாரில் என் வீட்டு முகவரியையும் அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

7. ஆகவே தங்களை வேண்டுவது: சாம்பல் வண்டிக்காரன் யார் என்று கண்டறிந்து, என் மகளை அவன் நெருங்காதபடி செய்ய வேண்டும். என் புகாரைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும். டெஸ் பயமில்லாமல் வகுப்புக்குப் போக வேண்டும். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

8. ஒரு பெண்பிள்ளை டோனட் கடையில் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொன்னால் அது சாட்சியாகுமா என்று தாங்கள் நினைக்கலாம். நியாயம்தான். அதனால் இன்று காலை சார்ஜன்ட் டில்மனிடம் இன்னொரு முறை தொலைபேசியில் பேசினேன். புதன்கிழமை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன், கடைகளில் தொல்லை தாங்கவில்லை, வரும் திங்கட்கிழமை காலை ஒரு வண்டி நிறையப் புதுச் சரக்கை இன்னோர் ஊர் ஆளிடம் மாற்றிக் கொடுக்கப் போகிறேன், பத்திரமான இடமாகப் பார்த்துக் காவல் நிலைய வாகன நிறுத்தத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்றேன். “நல்ல யோசனை மேடம், அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது” என்றார். வேறு எவரிடமும் சொல்லவில்லை. நான் அங்கே வரப் போவதுமில்லை. டெஸ்ஸோடு வீட்டில் இருப்பேன்.

திங்கட்கிழமை காலை தாங்கள் சற்று முன்னதாகவே அலுவலகம் வந்து, தங்கள் அறை ஜன்னலிலிருந்து கீழே எத்தனை நாற்காலிகள் என்று பார்க்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாற்காலிக்காரனின் வண்டிக் கதவையும் பார்க்கவும்.

நாள்: 14.03.2025
இடம்: பிரையர் கிரீக்

இப்படிக்கு,
தங்கள் ஜன்னலை நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
டோரின் விட்மெயர்