சிவப்புப் பெட்டி

குவைத்

அன்புள்ள நபவிய்யா,

நீயும் நம் பையன் ஹானியும் சுகம்தானே? உன் முட்டிவலி குறைந்ததா? ஆண்டவன் புண்ணியத்தில் நான் நலம்.

எங்கள் விடுதியில் சின்னத் தீ விபத்து. நான் வேலையில் இருந்தேன், பயப்படாதே. பக்கத்துக் கட்டில் ரம்ஸி மட்டும் தூக்கத்திலேயே போய்விட்டான். அபாய மணி அடிக்கவில்லை. மணிக்கான வயர்க் குழாயும் பெட்டியும் விதிப்படி சிவப்பாகத்தான் இருந்தன. திறந்து பார்த்தேன், உள்ளே வயரே இல்லை.

மேஸ்திரி ஷவ்கியிடம் கேட்டேன். “சோதனைக்கு வர்ற அதிகாரி செவப்பா இருக்கான்னுதான் பாப்பாரு. உள்ள யாரு கைய விடப் போறா? வாய மூடிக்கிட்டு வேலையப் பாருய்யா” என்றார்.

கரி பிடித்த பெட்டிக்கு மறுபடி சிவப்பு மட்டும் அடித்திருக்கிறார்கள்.

உன் தம்பி வரும்போது கொஞ்சம் காய்ந்த முலுகியாக் கீரையும், ஹானியின் கால்பந்து விசிலும் கொடுத்தனுப்பு. விசிலை ஊதிப் பார்த்து அனுப்பு. தூங்குகிறவன் எழ வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் ஸப்ரி