லேப்டாப் வாங்கும் வரை

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் லேப்டாப் வாங்கவில்லை.

வாணியம்பாடியில் பாலமுருகன் கடையில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு ஆலங்காயம் பஸ் ஏறினோம். கறுப்பு லேப்டாப்பில் கலர் பிரமாதமாம், கல்யாண வீடியோவில் பட்டுப்புடவை அப்படியே தெரிகிறதாம். ஆனால் சவுண்டு சரியில்லையாம். சில்வரில் சவுண்டு அருமையாம், கலர் வெளிறுகிறதாம். மூன்றாவது ஒன்று, கேம் ஆடுகிற பசங்க வாங்குவது. வேகம்தான், ஆனால் உள்ளே ஃபேன் சுற்றுகிற இரைச்சல் ரிக்கார்டிங்கில் ஏறுமாம். என் கணவர் டேனி ஒவ்வொன்றிலும் காதை வைத்து வைத்துக் கேட்டார். கடைசியில் அந்தக் கரகரத்த குரலில், "யோசிச்சுச் சொல்றேன் பாலா" என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதினாலாவது மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

என் கணவருக்குத் தொண்டையில் கட்டி. கேன்சர்தான். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைப்பார், ஆனால் பேச முடியாது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள் வந்து அட்மிட் ஆகச் சொன்னார். அதில் பாதிக்கு மேல் போய்விட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பூங்கோதை மேடம் எங்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரல்ல நிறைய பேசி ரிக்கார்ட் பண்ணி வெச்சுக்குங்க சார். அதை வெச்சு உங்க குரல் மாதிரியே கம்ப்யூட்டரைப் பேச வைக்கப் பாக்கலாம். நீங்க டைப் பண்ணா அது பேசும். நல்ல லேப்டாப் இருந்தா நல்லது, இல்லாட்டி போன்ல எடுத்தாலும் போதும்."

கடைசியாகச் சொன்னது இவர் காதில் விழவே இல்லை.

ஜூன் 14, சனி

காலையில் என் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுலயே பேசுங்களேன். பத்து வார்த்தையாவது பேசுங்க."

"நான் இன்னா தொழில் பண்றவன் மெர்சி? வீடியோ மிக்சிங் பண்றவன். ஊர்ல அத்தினி பேர் கல்யாணத்தையும் சுத்தமா எடுத்துக் குடுத்துட்டு, என் கொரலை மட்டும் இந்த டப்பா போன்லயா எடுப்பேன்? கடைசியா எடுக்கறது. ஒழுங்கா எடுக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. போனை எடுத்துக்கொண்டு நர்ஸ் டியூட்டிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் பாட்டு வந்தபோது வாயை மட்டும் அசைத்தார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 19, வியாழன்

இன்று மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் டியூட்டி. அங்கே குப்பம்மா என்று ஒருத்திக்கு மார்பில் கட்டி. மாசக் கணக்காக மறைத்து வைத்திருந்திருக்கிறாள். சாமை விதைப்பு முடியட்டும், ஆட்டை விற்கட்டும், மகள் வரட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு காரணமா? பயம்தானே உனக்கு?" என்று கேட்டேன். அழுதாள். அப்புறம், "நீ கூட வர்றியா நர்சம்மா?" என்றாள். வர்றேன் என்றேன். சேலை மாற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

வீடு திரும்பியபோது டேனி போனில் லேப்டாப் விமர்சனம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தன் இரண்டு லேப்டாப்பை அடுத்தடுத்து வைத்து ஒரே பாட்டை ஓட விடுகிறான். "கேளு மெர்சி, இதுல பேஸ் எப்டி வருது பாரு" என்றார். எனக்குக் கேட்டதெல்லாம் அவர் மூச்சுதான். உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். அது போன வாரம் இல்லை.

குப்பம்மாவிடம் கேட்டதை இவரிடம் ஏன் கேட்க முடியவில்லை?

ஜூன் 23, திங்கள்

கஞ்சி விழுங்கும்போது புரையேறிக் கண் செருகிவிட்டது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, புது மாடல் ஒன்று வரப்போகிறதாம், விலை இறங்குமாம், அதுவரை பொறுக்கலாம் என்றார்.

பொறுக்கவா? ஆண்டவரே.

ஜூன் 27, வெள்ளி

லீவு போட்டுவிட்டு அவரிடம் சொல்லாமல் வாணியம்பாடி போனேன். எதையாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்துவிடுவது என்று முடிவு. சீட்டுப் பணம் எடுத்துத் தயாராகத்தான் இருக்கிறது. பணம் ஒருநாளும் தடை இல்லை.

பாலமுருகன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "சிஸ்டர், அண்ணன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா நீங்களே சொல்லுங்க, நான் இன்னா பண்றது? போன் பண்ணி சில்வரை எடுத்து வைன்றாரு. வெச்சா, சாயங்காலம் வேணாம்ன்றாரு. அப்பால கறுப்பு. அதுவும் வேணாம். ரெண்டு தடவை பில்லு போட்டுக் கிழிச்சாச்சு. எது வேணும்னு தெரியாத ஆளு இல்ல சிஸ்டர் அவரு. எனக்கே சொல்லிக் குடுப்பாரு."

கடையில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக என் கண் எங்கே இருந்தது?

"எதுல சவுண்டு நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். சில்வர் என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

டேனி பெட்டியைப் பார்த்தார். தொடவில்லை.

"இதுல கலர் வராது" என்றார்.

"பாலமுருகன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

டேனி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இத்த வாங்கிட்டா பேசணும். பேசி முடிச்சுட்டா அறுத்துடுவாங்கோ மெர்சி. வாங்காத வரைக்கும் பேசிக்கினு இருக்கலாம்ல?"

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். "செத்துப் போய்ட்டா எந்தக் கொரலு? எனக்கு உன் கொரலு வேணாம்யா, நீ இருந்தாப் போதும்." கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

பெட்டி பிரிக்காமல் மேஜை மேல் இருக்கிறது. அதன் மேல் நான் ஒரு துணியைப் போர்த்தியிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஜூன் 30, திங்கள்

அவரே வேலூருக்குப் போன் செய்தார். வரும் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

ஜூலை 2, புதன்

லேப்டாப்பைத் திறந்தார். மைக்கைச் சரி செய்தார். கதவு, ஜன்னலை அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். நான் அடுப்படியில் பாத்திரத்தைக்கூட நகர்த்தாமல் நின்றேன்.

முதலில் கேட்டது, "என் பேரு டேனி. எங்க ஊரு ஆலங்காயம்." அப்புறம் பூங்கோதை மேடம் எழுதிக் கொடுத்த வாக்கியங்கள். பாதியில் இருமல். மறுபடி முதலிலிருந்து. மறுபடி இருமல். ஒரு வாக்கியம் முழுசாக வருவதற்குள் வியர்த்துப் போனது. கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

வெளியே வந்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்று வாயசைத்தார்.

ஒரு மாதம் முன்னால் இவர் குரல் இதைவிட நன்றாக இருந்தது. ஒரு மாதம். அந்தப் போனை அவர் வாயில் திணித்திருக்க வேண்டும் நான்.

ஜூலை 4, வெள்ளி

வேலூர். ஆஸ்பத்திரி வராந்தா.

நேற்று காலை மூச்சு அடைத்துவிட்டது. உதடு நீலம். நூற்றெட்டு வரும்வரை அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வந்த உடனே கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். மூச்சு சீராக இருக்கிறது.

கடைசியாக என்னிடம் சத்தமாக அவர் என்ன சொன்னார் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். "வாசல் கேட்டு தொறந்திருக்குது பாரு." அவ்வளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். "முழுசா எடுத்தாச்சும்மா, வெளியே பரவல" என்றார் டாக்டரம்மா. அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விடத் தோன்றவில்லை.

ஜூலை 19, சனி

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பழைய கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோக்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பாட்டு ஏற்றியிருக்கிறார். கேமராவுக்குப் பின்னால் நின்றவர் குரல் ஒன்றில்கூட இல்லை. என் போனில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கொஞ்சம் இருக்கிறது. கேஸ் புக் பண்ணியா. தக்காளி வாங்கிட்டேன். வர்றேன் வை.

கேட்டேன். கேட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பூங்கோதை மேடம் எங்களிடம் இருந்த எல்லாவற்றையும் வைத்து ஒரு குரல் செய்து கொண்டுவந்தார். லேப்டாப்பில் போட்டார். நோய்ப்பட்ட அந்தக் கடைசி மாதக் குரல்தான். இழுத்து, கரகரத்து, மூச்சுக்குத் தவித்து.

டேனி ஒருமுறை கேட்டார். நோட்டில், "இது வேணாம். இவன் செத்துட்டான்" என்று எழுதினார்.

மேடம் லேப்டாப்பிலேயே இருக்கிற குரல்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு ஆண் குரல். டேனி அதைத் தொட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. இனிமேல் என் வீட்டில் இந்த அந்நிய ஆளா பேசப் போகிறான்?

செப்டம்பர் 7, ஞாயிறு

கதிர்வீச்சு நடக்கிறது. தோல் கறுத்திருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அவருக்குத் தெரிகிறது. நோட்டிலேயே எழுதிக் காட்டுகிறார்.

அக்டோபர் 16, வியாழன்

நெல்லிவாசல்நாட்டில் தடுப்பூசி நாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும்தான் டவர் கிடைக்கும். குப்பம்மா, ஒரு பக்க மார்பு எடுத்த பிறகும், பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தையின் தொடையைத் துடைக்கும்போது போன் அடித்தது. பேர் பார்க்காமல் எடுத்தேன். "வணக்கம்" என்று ஒரு ஆண் குரல். லோன் வேணுமா என்று கேட்கிற கம்பெனிக்காரன் என்று கட் பண்ணிவிட்டேன்.

உடனே மறுபடி அடித்தது.

"மெர்சி. கட் பண்ணாதே. நான் தான். சாப்ட்டியா. ரசம் வெச்சேன். உப்பு இன்னா அளவுன்னு தெர்ல. வாய்ல வெக்க முடியல."

இன்னா என்பதை அது இன், னா என்று பிரித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் படிப்பதுபோல் வாசித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம். "எதுக்கு சிரிக்கிற" என்றது, கொஞ்சம் கழித்து.

குப்பம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு நர்சம்மா?"

"எங்க வூட்டுக்காரரு" என்றேன்.