பொருள் 41: துணைக்குழல்

ஜூன் 10, செவ்வாய்

பிற்பகல் 2.17. கேட்டிலிருந்து செக்‌ஷன் ஃபோனுக்கு வந்தது. பக்கத்து மேஜை கங்காதரன் எடுத்தார், கேட்டார், ரிசீவரை என் பக்கம் நீட்டினார். நான் மைக்ரோமீட்டரில் ஒரு புஷ் வளையத்தை அளந்துகொண்டிருந்தேன். 24.98. அதை ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் வாங்கினேன்.

ஏன் எழுதிவிட்டு வாங்கினேன்?

ஜூன் 12

அனுசுயா இல்லை. எழுதிப் பார்த்தால் புரியுமா என்று எழுதுகிறேன். அனுசுயா, என் மனைவி, வயது இருபத்தொன்பது. ஆபீஸில் தலைவலி என்று மேஜையில் சாய்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

காலையிலேயே தலைவலி என்றாள். டீ குடி, சரியாயிடும் என்றேன்.

ஃபேக்டரிக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஆளுக்கொரு பெட்டி. போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அன்று பெட்டியைத் திறந்தபோது மூன்று மிஸ்டு கால். 11.52. 11.53. 11.58. மூன்றும் அவள்.

ஜூன் 25

பதினாறாம் நாள். முடிந்தது. சாம்பாரில் உப்பு குறைவு என்று தோன்றியது. அது தோன்றியதே, அதற்காக என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

ஜூன் 28

செக்‌ஷன் நம்பர் அவளிடம் இருந்தது. அதற்கு ஏன் அடிக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன்.

தெரியும்.

போன ஆகஸ்டில் ஒருநாள் அடித்தாள். என்ன ஆச்சு என்று பதறினேன். “ஒண்ணும் ஆவல. சும்மா. கீறியான்னு பாத்தேன்.” அவள் பிறந்த அண்ணனூர் பாஷை; இருக்கியா என்பதுதான் கீறியா. என்னைச் சீண்டுவதற்கென்றே அதை எடுப்பாள். கங்காதரன் சும்மா விடுவாரா? “இன்னா தம்பி, வூட்டம்மா அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்களா?” செக்‌ஷனே சிரித்தது.

சாயங்காலம் கத்தினேன். விஷயம் இல்லாம அந்த நம்பருக்கு அடிக்காதே அனு, அது ஆபீஸ் ஃபோன். “சரி, இன்ஸ்பெக்டரே” என்றாள். நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்; வீட்டிலும் அதுதான் பெயர். அவ்வளவுதான். அப்புறம் அடிக்கவே இல்லை. அன்றைக்குக்கூட.

ஜூலை 3

வெற்றிச்செல்வன் வந்தார், அவள் டீமின் லீட். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மாடியில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மொபைல் கேம் செய்கிறார்கள். மூன்று வருஷமாக ஒரே கேம்: தாழகம். ஏரிக்கு அடியில், பாறைக்குள் ஒரு நகரம். பெரிய வறட்சி ஒன்றில் தண்ணீர் தேடித் தோண்டிக்கொண்டே போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். எப்போது அழிந்தார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. விளையாடுகிறவர்கள் இறங்கிப் போய் அவர்களுடைய பொருட்களை ஒவ்வொன்றாகக் கண்டெடுக்க வேண்டும். அந்தப் பொருட்களையெல்லாம் கற்பனை செய்தது அனு.

அவள் கப்பையும் ஆபீஸ் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கூடவே அவள் அந்தப் பொருட்களை வரைகிற நீல நோட்டு.

“நாப்பது பொருள் உள்ள போயிடுச்சு சார். நாப்பத்தொண்ணு மட்டும் இல்ல. அக்காவே எடுத்துட்டாங்க.”

ஏன் என்றேன்.

“வூட்ல இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணலன்னாங்க. சிரிச்சிகினேதான் சொன்னாங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப உங்களுக்கு ஓகேன்னா திரும்பப் போட்டுடலாம். பத்தாம் தேதி லாக் பண்றோம், அதுக்கப்புறம் எதையும் மாத்த முடியாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 4

நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் என் சிவப்பு மை. படம் வரைந்து என்னிடம் நீட்டுவாள். நான் பார்ட் டிராயிங் மாதிரி செக் பண்ணித் தருவேன். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு. விளையாட்டுதானே?

உப்புக் கடிகாரம். உப்புப் பலகையில் சொட்டு விழுந்து விழுந்து குழி ஆழமாகும். ஆழத்தை விரலால் தொட்டு நேரம் சொல்வார்கள். ‘ஈரப்பதம் மாறினால் நேரமும் மாறும். ரிஜெக்ட்.’

நடைமணி. செருப்பின் அடியில் சுட்ட களிமண் குண்டுகள், ஆளுக்கு ஒரு சத்தம். இருட்டில் யார் வருகிறார் என்று தெரிய. ‘ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். ரீவொர்க்.’

கைத்தகடு. தாழகத்தில் முகம் பார்க்க வெளிச்சம் கிடையாது. அதனால் கல்யாணத்தன்று ஈரக் களிமண்ணில் இரண்டு பேரும் கையைப் பதித்து, சுட்டு, மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் போய்விட்டால் மற்றவர் அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்துக்கொண்டு தூங்கலாம். அதில் நான் எழுதியிருப்பது: ‘சுடும்போது எட்டு சதவீதம் சுருங்கும். கை பொருந்தாது.’

கை பொருந்தாதாம்.

நாற்பத்தொன்று: துணைக்குழல். வீட்டுக்கும் சுரங்கத்துக்கும் நடுவே பாறைக்குள் ஒரு நீளக் குழாய். ஒருவர் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனால் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் நின்று பேசிக்கொள்ளலாம். ‘பதினான்கு வளைவு. குரல் போய்ச் சேராது. பயன் இல்லை. ரிஜெக்ட்.’ கையெழுத்து, தேதி: ஆகஸ்ட் 22. நான் கத்திய அடுத்த வாரம். அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தேதியைக்கூட இப்போதுதான் பார்க்கிறேன்.

வெற்றிச்செல்வனிடமிருந்து மெசேஜ்: என்ன சார் பண்ணலாம்?

‘குரல் போகாது. தொழில்நுட்பப்படி தவறு. வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டேன். கை தானாக அடித்தது.

ஜூலை 8

லீவு இருபதாம் தேதியோடு முடிகிறது. போக முடியாது. வேலை பிரச்சினை இல்லை; அந்தப் பெட்டியில் ஃபோனைப் போட்டுப் பூட்ட என்னால் ஆகாது. குளிக்கும்போதும் ஃபோன் ஜன்னலில் இருக்கிறது. யார் கூப்பிடப் போகிறார்கள்? தெரியவில்லை. இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணனூர் போனேன். மாமா தனியாக இருக்கிறார். நாகப்பன், அனுவின் அப்பா. முப்பத்திரண்டு வருஷம் கார் ஷெட்டில் மின்சார ரயிலுக்கு பிரேக் ஃபிட்டர். நோட்டை அவரிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். என் சிவப்பு மையைப் பார்த்து, “இன்னா மாப்ள, பத்தாங்கிளாஸ் பேப்பரா திருத்திகீற?” என்றார். நாற்பத்தொன்றில் நின்றுவிட்டார்.

“இத ஏன் அடிச்சிட்ட?”

குரல் போகாது மாமா என்றேன்.

“குரல் எதுக்குடா? இது நம்ம பிரேக் பைப்பு. முன்பொட்டில காத்து ஏத்துவாங்க. நான் கடைசிப் பொட்டியாண்ட நிப்பேன். கொயாயத் தொறந்தா புஸ்ஸுன்னு வரணும். வந்துச்சா, நடுவுல எதுவும் அறுந்து போவல, வண்டி முழுசா கீதுன்னு அர்த்தம். வரலன்னா வண்டி கெளம்பாது. காத்து இன்னா பேசவா செய்யும்?”

பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்று இருந்தது. நான் திருப்பியதே இல்லை. பென்சிலில் அவள் எழுத்து:

‘ரீவொர்க். குரல் வேண்டாம். ஒரு முனை மேட்டில், ஒரு முனை பள்ளத்தில், அப்போது காற்று தானாக ஓடும். இரண்டு பேரும் அடைப்பைத் திறந்து வைத்திருந்தால் கன்னத்தில் காற்று படும். ஒருவர் மூடினால் நின்றுவிடும். சேதி எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டரிடம் மறுபடி காட்டணும்.’

கீழே கட்டம் போட்டு ‘சரிபார்த்தவர்’ என்று எழுதி, காலியாக விட்டிருக்கிறாள்.

காட்டவே இல்லையே. இல்லை, காட்ட வந்தாள். மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு ஞாயிறு, நோட்டோடு வந்து நின்றாள். மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் பார்க்கலாம்னு சொன்னேன். அப்புறம்னா எப்போடா சரண்? எப்போ?

மாமா நோட்டை மூடி வைத்தார். எழுந்து போய் பரணிலிருந்து பழைய ஹோஸ் பைப் சுருளை இறக்கினார்.

“கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணித்தானே ஆவணும் உனுக்கு? வா.”

நாற்பது மீட்டர். கிரில்லில் சுற்றி, கைப்பிடியில் வளைத்து, பதினான்கு வளைவு வரும்படி நானே எண்ணிக் கட்டினேன். வெயிலில் கொதிக்கும் மொட்டை மாடியில் மாமா, கீழே வாசலில் நான். என் முனையில் ஒரு ஊதுவத்தி. புகை நேராக மேலே போனது. பிறகு மெதுவாகச் சாய்ந்தது. குழாய்க்குள் நுழைந்தது. நின்றது. மறுபடி சாய்ந்தது. மேலே அவர் கட்டைவிரலால் மூடி மூடித் திறக்கிறார். ஆறு தடவை. ஆறும் எனக்குத் தெரிந்தது.

மாடியிலிருந்து குரல்: “மாப்ளே! தெரியுதா?”

என் முனையை மூடினேன், திறந்தேன்.

ஜூலை 14

வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, வேலை செய்கிறது, போடுங்கள் என்றேன்.

“பத்தாம் தேதியே லாக் ஆயிடுச்சு சார். நேத்து ஸ்டோருக்கும் போயிடுச்சு. அப்புறமா, அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம் சார்.”

அப்புறமா.

உயிரோடு இருந்தபோது ஒரு தடவை. போன பிறகு ஒரு தடவை. இரண்டு தடவையும் ரிஜெக்ட் செய்தது நான்தான்.

ஜூலை 18

கேமை இறக்கி விளையாடினேன். நாற்பது பொருளும் இருக்கின்றன. துணைக்குழல் இல்லை. ஆனால் படம் வரைந்தவர் வீட்டுச் சுவர்களை முன்பே வரைந்து முடித்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் படுக்கைக்குப் பக்கத்தில், கன்னம் வைக்கிற உயரத்தில் ஒரு ஓட்டை. தொட்டால் ஒன்றும் வராது. கீழே கமெண்டில் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்: அந்த ஓட்டை எதுக்கு? எலிப் பொந்தா? விளக்கு மாடமா? ஒருவர், ‘சும்மா டிசைன் ப்ரோ’ என்று பதில் போட்டிருக்கிறார்.

பதில் அடித்தேன். அழித்தேன். மூன்று தடவை.

நோட்டின் காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். நீல மையில். தேதியை மாற்றிப் போடவில்லை. இன்றைய தேதிதான்.

ஜூலை 21

வேலைக்குப் போனேன். ஃபோனை ஆனில் வைத்தே பெட்டியில் பூட்டினேன். எட்டு மணி நேரமும் காது கேட்டிலேயே. மாலையில் திறந்தேன். ஒரு கால்கூட இல்லை.

ஜூலை 24

மாமாவுக்கு செக்‌ஷன் நம்பரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். என்ன விஷயம்னா அடிக்கணும் என்று கேட்டார். விஷயம் வேண்டாம் என்றேன்.

ஜூலை 25

பதினொன்றே முக்கால் இருக்கும். செக்‌ஷன் ஃபோன். கங்காதரன் எடுத்து, என்னைப் பார்த்து, இந்தத் தடவை சிரிக்காமல் நீட்டினார்.

“இன்னா மாப்ள. கீறியா?”

“கீறேன் மாமா.”

“சரி.” வைத்துவிட்டார்.

மூன்று விநாடி. இதற்குத்தான் அன்றைக்கு அவளை அப்படிக் கத்தினேன்.

ஜூலை 28

காலை 7.40, கேட் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டிச் சாவி கையில் இருக்கிறது. அந்த மூன்று மிஸ்டு காலையும் இன்னொரு முறை பார்த்தேன். அழிக்கவில்லை.

சங்கு ஊதுகிறது. செக்‌ஷன் நம்பர் மாமாவிடம் இருக்கிறது. ஃபோனை அணைத்துவிட்டேன்.