கீறல் விழாத கண்ணாடி

என் தங்கமான நைனாவுக்கு,

உன் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. கடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. மேல்பூச்சு, உன் மூக்கில் நான் மாட்டிவிட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இளம்பச்சையாக மின்னுகிறது. மாதக்கணக்கில் மெஷினோடு வைக்கோல் கட்டுகிற வேலைக்குப் போன ஆளின் கண்ணாடி இப்படி இருக்கக் கூடாது நைனா. உத்திரமேரூர் பஜாரில் எட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் நிற்கிற எனக்கு அது உறைக்கவே இல்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. காரியமெல்லாம் முறைப்படி முடிந்தது. அம்மா மறுபடியும் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். நானும் வழக்கமான பஸ்ஸில் கடைக்குப் போய் வருகிறேன். யாராவது சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்தால் முன்பெல்லாம் பாய்வேனே, இப்போது வாய் வருவதில்லை.

அந்த வாயை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. முதல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நீ கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா?

"செல்வி, இன்னாம்மா இது, பனி மூடினாப்பல கீது" என்று நீட்டினாய். பூச்சு முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள்.

"எதால தொடச்ச நைனா?"

"விபூதி போட்டுத்தாம்மா. சாமி படத்தையெல்லாம் அதுலதானே தொடைக்கிறோம். எப்டி பளிச்சுனு வருது!"

எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. "சாமி படமும் இதுவும் ஒண்ணா? மேல கோட்டிங் கீது நைனா. வெளிச்சம் கண்ணுல அடிக்காம இருக்கத்தான் அதைப் போட்டுக்கீறாங்க. விபூதி போட்டுத் தேச்சா உரிஞ்சி பூடும். எத்தினி தபா சொல்றது? உனக்கெல்லாம் இன்னாத்துக்கு இந்தக் கண்ணாடி?" என்று கத்தினேன். அந்த நாலு பேரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். துண்டை எடுத்து அடுத்த தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றாய்.

இரண்டாவது கண்ணாடி போட்டுக் கொடுத்தபோது பள்ளிக்கூடமே நடத்தினேன். தூசி இருந்தா மொதல்ல தண்ணியில காட்டு, அழுக்கு போவலைன்னா ஒரு சொட்டு சோப்புத் தண்ணி, அப்புறம் இந்த மெத்துத் துணியால ஒத்தி எடு, காஞ்ச தூசியோட தேய்க்காத, கவுத்து வைக்காத, வெயில்ல வண்டி மேல விட்டுட்டுப் போவாத. நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். கடைசியாகச் சொன்னேன்: "வைக்கோல் தூசிதான் இதுக்கு எமன், ஞாபகம் வச்சிக்கோ."

"சரிம்மா. தூசி படாம பாத்துக்கினு கீறேன்" என்றாய்.

வைக்கோல் காட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டே எப்படித் தூசி படாமல் பார்ப்பாய் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? சொன்ன பேச்சைக் கேட்கிறாயே என்று சந்தோஷப்பட்டேன். காலையில் கண்ணாடியோடு கிளம்பினாய், பொழுது சாய்கையில் கண்ணாடியோடு திரும்பினாய். நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாகறல் பக்கத்துக் கழனியில் பட்டப்பகலில் வைக்கோலுக்குள் கிடந்த ஒரு பாம்பு உன் கையில் கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நீ பேச்சை நிறுத்திவிட்டாய். உன் சட்டைப் பையில் கண்ணாடி பெட்டிக்குள் இருந்தது, மெத்துத் துணியில் சுற்றி.

உன்னோடு வேலை பார்த்த செங்கேணி மாமா பதினாறாம் நாள் வந்தார். அம்மா உள்ளே இருந்தாள். வாசலில் என்னிடம் சொன்னார். "உன் நைனா மாதிரி பேச்சுக் கேக்குற மனுசன் கெடயாதும்மா. மெஷின் ஓட ஆரம்பிச்சதும் கண்ணாடியக் கழட்டிப் பொட்டியில வச்சிக்குவாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, எம்பொண்ணு சொல்லிக்கீது, வைக்கோல் தூசி பட்டா மேல்பூச்சு பூடும், அப்புறம் அது மனசு கஷ்டப்படும்பாரு."

அவர் உன்னைப் புகழத்தான் சொன்னார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாடி போட்டிருந்தால் உனக்கு அந்தப் பாம்பு தெரிந்திருக்குமா? வைக்கோல் நிறத்திலேயே கிடந்தது, நல்ல கண்ணுக்கே தெரியாது என்கிறார் மாமா. இருக்கலாம். ஆனால் உன் பவர் என்னவென்று எனக்குத் தெரியும் நைனா. கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கு எட்டும் தூரத்தில் கயிறு எது, வைக்கோல் எது என்று உனக்குப் பிரித்துத் தெரியாது. உன் கண்ணைக் காப்பாற்றத்தான் அந்தக் கண்ணாடி. நான் கண்ணாடியைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. கண்ணாடி பையில் இருந்தது மட்டும் தெரியும். அதற்கு அவளாக ஒரு காரணம் வைத்திருக்கிறாள். தினமும் காலையில் உன் படத்துக்கு முன்னால் நின்று திட்டுகிறாள். "கண்ணாடி போட்டா கெழவன்னு சொல்லுவாங்கன்னு வெக்கப்பட்டுக்கினு கழட்டி வச்சியே. வீம்பு புடிச்ச மனுசா, என்ன இப்டி விட்டுட்டுப் போனியே." பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நாஷ்டா சாப்பிடுகிறேன். ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். கையெல்லாம் கழனி மண். கண்ணாடி முழுக்கக் கீறல். "திட்டாதம்மா, வேல செய்யும்போதும் போட்டுக்கினுதான் கீறேன்" என்றார். "போட்டுக்கினே இருங்க. தண்ணி கெடச்சா அலசிட்டுத் தொடைங்க. கெடைக்கலன்னா அப்டியே கெடக்கட்டும். கழட்டி மட்டும் வைக்காதீங்க, கீறல் விழுந்தா வேற மாத்திக்கலாம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கடைக்குப் பின்பக்கம் போய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இந்த நாலு வார்த்தையை உனக்கும் சொல்லியிருக்கலாமே நைனா. அன்றைக்கு ஏன் எனக்கு வாயில் வரவில்லை?

இன்று காலை அம்மா திட்டிவிட்டு, "எம்மேல ஆச இருந்திருந்தா இப்டி செஞ்சிருப்பாரா" என்று என்னிடம் கேட்டாள். நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். உன் வீம்பு என்று நினைத்துக் கோபப்பட்டவள், இப்போது உனக்கு ஆசையே இல்லை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டாள். இதற்கு மேலும் நான் சும்மா இருந்தால் மனுஷியே இல்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அடித்தால் தாங்கிக்கொள்வேன். பேசாமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன்? ஆனாலும் இன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இது உன்மேல் சத்தியம் நைனா. நாளைக் காலையில் அவள் உன் படத்துக்கு முன்னால் அழட்டும், திட்ட மாட்டாள். அவள் திட்ட வேண்டியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

யார் பேச்சை நீ ஒரு நாளும் தட்டவில்லையோ, அந்த மகள்,
செல்வி