தெஹிவளையில் மகள் சொன்னது

சனிக்கிழமை இரவு, கொழும்பு.

கல்முனையிலிருந்து பஸ்ஸில் வந்து, இன்றைக்கு மகளையும் மனைவியையும் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்கு ஐந்து வயது. நான் கட்டாருக்குப் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். நடுவில் லீவு கிடைக்கவேயில்லை. இப்போது வந்து மூன்று கிழமைதான்.

மனைவி தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனாள். நான் யானையைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணவில்லை. கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். கடைசியில் வாசல் பக்கத்து அலுவலகத்தில், ஒரு கதிரையில் விசும்பிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்த தமிழ் கதைக்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மகள், இவர் ஆர்? உங்கட வாப்பாவா?"

"இல்ல. எங்கட வாப்பா கட்டார்ல. போன்லதான் கதைப்பார்."

மனைவி ஓடிவந்து, "ஓம், இவர்தான் வாப்பா" என்று சொன்ன பிறகுதான் எங்களை விட்டார்கள்.

பிறகு காலிமுகத் திடல் கடற்கரையில் மகளுக்கு இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். உம்மாவின் மடியில் இருந்து தின்றாள்.

"சின்னப் புள்ளதானே, பயத்துல சொல்லிட்டா," என்றாள் மனைவி. நானும் ஓம் என்றேன். ஆனால் அதைச் சொன்ன நேரம் மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

வாற வெள்ளி எனக்கு பிளைட்.